ஆச்சியின் மஞ்சப்பையும் 14 இலக்க எண்ணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் ஆச்சியைச் சர்க்கரைக்குக் காட்ட ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சீட்டு போடும் இடத்தில் ‘ஆபா’ எண் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில் தரும் அடையாள எண்) எடுத்துக்கொள்ளுங்கள், 14 இலக்கம், எல்லா ரிப்போர்ட்டும் அதில் சேரும் என்றார்கள். சரி, நல்லதுதானே என்று ஆதாரைக் கொடுத்தால், ஓடிபி போனது சென்னையில் இருக்கும் சித்தப்பா போனுக்கு, அவர் வேலை மும்முரத்தில் எடுக்கவே இல்லை, பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் சர்வரும் படுத்துவிட்டது. கடைசியில் டாக்டருக்கு உதவியது ஆச்சி மஞ்சப்பையில் மடித்து வைத்திருந்த பழைய சீட்டுகள்தான்.

கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021-ல் மத்திய அரசு இந்தத் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுவந்ததே, நோயாளி சம்மதித்தால் ஒரு ஊரில் எடுத்த பரிசோதனையை இன்னொரு ஊர் டாக்டரும் பார்க்கலாம் என்பதற்காகத்தான். அம்பாசமுத்திரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பாளையங்கோட்டையில் மறுபடி எடுக்கும் செலவு மிச்சமானால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் டாக்டர் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தார், ஆச்சி கால் எரிச்சலைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். தட்டச்சுக்கு ஒரு ஆள் போட்டால் என்ன? சர்வர் போனால் எழுத ஒரு நோட்டு? இந்த எண் கட்டாயமில்லை, இல்லாவிட்டாலும் வைத்தியம் உண்டு என்று கவுண்டரில் கொட்டை எழுத்தில் ஒட்டினால் பாதிக் கூட்டம் பதறாமல் நிற்கும்.

மஞ்சப்பையைத் தூக்கிப் போடச் சொன்னேன், ஆச்சி முறைக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம் வட்டம்