வீட்டில் சமைத்த காதலர் தின விருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 14 நெருங்கும்போது ஓசூர் ரோஜாக்களின் விலையும் உணவகங்களின் சலுகைகளுமே செய்தியாவதால், மணமாகி 38 ஆண்டுகள் கடந்த நாங்கள் அந்நாளைக் கொண்டாடிய விதத்தையும் தெரிவிக்க விரும்புகிறேன். அன்றிரவு மனைவியை அமரச் செய்து, சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் கருகாமல் வறுத்து, புளியைக் கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சிறு தீயில் கொதிக்கவிட்டு, நானே வத்தக்குழம்பு வைத்தேன். அப்பளம் சுடுவதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக எனக்குப் பரிமாறிய பின்னரே தனியே உண்டவர், அன்று என்னருகில் அமர்ந்து, சூடான சோற்றில் குழம்பைப் பிசைந்து நிதானமாக உண்டதைக் கண்டு மனம் நெகிழ்ந்தேன். இத்தகைய வீட்டு விருந்துகளைப் பற்றியும் வாசகர்களிடம் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை