அடுத்த விழாவுக்கு நீ வர வேண்டும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்தது. அண்ணனுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். முப்பது ஆண்டு தாதியாக இருந்தவள் மனைவியாக இருந்தும் அவர் மருந்தை மறக்கிறார் என்றால், அவரைத் திட்டும் உரிமையை எனக்கும் கொஞ்சம் கொடு.

கடிதத்தின் கடைசியில் ஒரு குத்து வைத்திருக்கிறாய். "தமிழ்ப் படத்திலேயே பாதியில் தூங்கிவிடுபவள் நீ. ஈரான்காரன் படமும் போலந்துக்காரன் படமும் பார்க்கப் போகிறாயாமே, கோலாலம்பூர் தண்ணீர் அப்படிச் செய்யுமா?" என்று. என் மகள்தான் தொலைபேசியில் உளறியிருக்க வேண்டும். சரி, கேட்டுவிட்டாய். பதிலை முழுதாகக் கேள்.

புரியாத மொழிப் படத்தை எப்படிப் பார்ப்பது என்கிறாய். சரசு, நாம் சின்ன வயதிலிருந்து வேறு எதைப் பார்த்தோம்? அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.எம்.மில் தமிழ்ப் படம் போட்டால் கீழே மலாய் எழுத்து ஓடும். அதைப் படித்துக்கொண்டே விடுதியில் நம்மோடு இருந்த சீனத் தோழிகள் எம்.ஜி.ஆருக்காகக் கவலைப்பட்டார்கள். ஹாங்காங் தொடர் வந்தால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாம் அழுதோம். பாரிசில் இருப்பவர்கள் எழுத்து படித்துக்கொண்டு படம் பார்ப்பதைப் பெரிய படிப்பாளி வேலையாக நினைக்கலாம். இந்த நாட்டில் அது எல்லா வீட்டுக் கூடத்திலும் நடந்தது. இங்கே வந்து திரைப்பட விழா அரங்கில் முதலில் உட்கார்ந்தபோது எனக்குக் கூச்சம் இருந்தது உண்மை. விளக்கு அணைந்து எழுத்து ஓட ஆரம்பித்ததும் அது போய்விட்டது. நமக்குப் பழகிய வேலைதானே இது என்று கால் நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்று, மெதுவான படங்கள். விழாவில் வரும் படங்களில் பல மெதுவாகத்தான் நகரும். ஒரு கிழவர் ஆப்பிள் உரிப்பதை முழுதாகக் காட்டுவார்கள். என் மருமகனுக்குப் பொறுமை இல்லை, கைப்பேசியை எடுத்துவிடுகிறார். இரவுப் பணியில் வார்டு விளக்கைக் குறைத்துவிட்டு, ஒரு நோயாளியின் மூச்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டு விடியும்வரை இருந்தவர்கள் நாம். ஒரு கிழவரின் முகத்தில் என்ன மாறுகிறது என்று கவனிக்க நம்மைவிடத் தகுதியானவர் யார்? நான் தூங்கியதெல்லாம் சண்டைக் காட்சிகளில்தான். அதை நீ மறந்துவிட்டாய்.

இதெல்லாம் பணக்காரர்கள் பொழுதுபோக்கு என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கு மட்டும் நான் கோபப்பட வேண்டும். சென்னையிலிருந்து பின்னணிப் பாடகர் வந்தால் நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுத்து, மேடையில் இருப்பவர் தீக்குச்சி அளவுக்குத் தெரியும் இடத்தில் உட்காருகிறோமே, அது யாருடைய பொழுதுபோக்கு? இங்கே தூதரகங்களும் பண்பாட்டு மையங்களும் நடத்தும் விழாக்களில் டிக்கெட் சாதாரணப் படத்தின் விலைதான், சில இலவசம்கூட. ஜப்பான் அறக்கட்டளை ஜப்பானியப் பட விழா நடத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு விழா, பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒன்று. நம் ஊரிலேயே 2017இல் தொடங்கிய மலேசிய அனைத்துலகத் திரைப்பட விழா இருக்கிறது. எல்லாம் ஆடம்பரமான இடங்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி, பேரங்காடிக்குள் இருக்கும் அதே திரையரங்குகள்தான். பக்கத்து அரங்கில் சூப்பர் ஹீரோ கட்டடங்களை இடித்துக்கொண்டிருப்பார், சுவர் லேசாக அதிரும். இங்கே பின்லாந்துக்காரர் பேசாமல் சூப் குடித்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பிடித்தது 2003இலிருந்து நடக்கும் ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட். மனித உரிமை பற்றிய ஆவணப் படங்கள். பல, இந்த நாட்டு இளைஞர்கள் எடுத்தவை. காட்டையும் நிலத்தையும் இழந்த பூர்வகுடிகள், அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள் என்று செய்தித்தாளின் ஆறாம் பக்கத்தில் நாலு வரியாக நாம் தாண்டிப்போகும் விஷயங்கள். படம் முடிந்ததும் இயக்குநர் முன்னால் வந்து நிற்பார், கேள்வி கேட்கலாம். பிள்ளைகள் என்னமாய்க் கேட்கிறார்கள், சரசு! நம் காலத்தில் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்க எப்படி நடுங்குவோம். இங்கே இருபது வயதுப் பெண் ஒருத்தி மைக்கைப் பிடித்து, "அந்த அம்மாவின் முகத்தை இவ்வளவு நேரம் காட்ட உங்களுக்கு அவரிடம் அனுமதி இருந்ததா?" என்று இயக்குநரையே கேட்டாள். அவர் கோபப்படவில்லை. நின்று விளக்கினார். வீட்டுக்கு வந்த பிறகும் நான் படத்தைவிட அந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வார்டில் நாம் எத்தனை முகங்களை அனுமதி கேட்காமல் பார்த்திருக்கிறோம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஒரு மாலை, பழைய மலேசியப் படங்களைத் திரும்பக் காட்டுகிறார்கள் என்று ஒரு சின்ன அரங்குக்குப் போனேன். தீபக் குமாரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை'. 2005இல் வந்த படம். ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்திக்கு மேலே படிக்க ஆசை. கதை அவ்வளவுதான். லயத்து வீடு, வாசலில் தண்ணீர்க் குழாய், பால்வாளி, விடியும் முன்னே எழும் அம்மா. என் பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பையன் கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த எழுத்து தேவைப்படவில்லை. விழா அரங்கில் அது எவ்வளவு விசித்திரமாக இருந்தது தெரியுமா? வழக்கமாக மற்றவர் வீட்டை நான் எட்டிப் பார்ப்பேன். அன்று என் வீட்டுக்குள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் படத்துக்கு அதே ஆண்டு பிரான்சின் நான்ட் நகரத்தில் நடக்கும் மூன்று கண்டங்களின் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. 2005இல் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? ஒரு பெரிய நட்சத்திரப் படத்துக்குப் பட்டர்வொர்த்தில் வரிசையில் நின்றோம். நம் தோட்டத்தைப் பற்றி நம் மொழியில் ஒருவர் படம் எடுத்தார், பிரெஞ்சுக்காரர்கள் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள், நமக்குச் செய்திகூட வந்து சேரவில்லை. யாரையும் குறை சொல்லி என்ன செய்வது? விளம்பரம் இல்லை, ஓடிய அரங்குகள் குறைவு. ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை.

'ஜகாட்' நீயும் பார்த்திருக்கிறாய், 2015 கடைசியில் வந்தது, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நகரத்து ஓரத்தில் என்ன ஆனார்கள் என்ற கதை. தேசிய மொழிப் படம், மற்ற மொழிப் படம் என்று பரிசைப் பிரிப்பதா என்று அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் பெரிய சர்ச்சை எழுந்தது. கடைசியில் அதற்கே சிறந்த மலேசியப் படம் விருது கிடைத்தது. ஒரு தமிழ்ப் படத்துக்கு! இது நினைவிருக்கிறதா என்று கோயிலில் நாலு பேரைக் கேட்டுப் பார். அதே நாலு பேரிடம் சென்னை நடிகரின் அடுத்த படத்தின் பெயரைக் கேள். எனக்கு விடை தெரியும்.

அமாண்டா நெல் யூ என்ற மலேசியப் பெண் எடுத்த 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' 2023இல் பிரான்சின் கான் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் முதல் பரிசு பெற்றது. பருவம் அடையும் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் கதை. தாதிகளான நமக்கு அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இங்கே திரைக்கு வந்தபோது தணிக்கையில் பல காட்சிகள் போய்விட்டன. வெட்டப்பட்ட அந்தப் பிரதிக்குத் தாம் பொறுப்பேற்க முடியாது என்று இயக்குநரே அறிவித்துவிட்டார். உலகமே முழுதாகப் பார்த்ததை, படம் எடுத்த மண்ணில் இருப்பவர்கள் துண்டாகப் பார்த்தோம்.

படத்தோடு நிற்கவில்லை நான். தித்திவங்சா பக்கம் சூத்ரா நடனக் குழுவின் அரங்கம் இருக்கிறது. அதை நிறுவிய ராம்லி இப்ராஹிம் பரதத்தை அடையாறு லட்சுமணனிடமும் ஒடிசியைத் தேவ பிரசாத் தாஸிடமும் கற்றவர். 2018இல் இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. ஒரு மலாய்க்காரர் நட்டுவாங்கத்துக்கு முன்னால் நிற்கும் அழகை உனக்கு எழுதிக் காட்ட முடியாது. இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998இல் திறந்த ஃபில்ஹார்மோனிக் அரங்குக்கும் மகள் அழைத்துப்போனாள். உடைக்கு விதி இருக்கிறது என்று பயமுறுத்தினாள். காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு போனேன், வாசலில் நின்ற பையன் குனிந்து வணங்கினான். இசை நன்றாக இருந்தது. குளிர் அதைவிட நன்றாக இருந்தது. சால்வை இல்லாமல் அந்தப் பக்கம் போகாதே.

கோலாலம்பூரைப் பற்றியே பெருமையடிக்கிறேன் என்று முகத்தைத் தூக்காதே. உன் ஊரில் இல்லாததா? பினாங்கின் ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதைக் கொண்டாட 2010இலிருந்து ஜார்ஜ்டவுன் விழா நடக்கிறது. பழைய வீடும் தெருவும் மேடையாகிவிடும். பட்டர்வொர்த்திலிருந்து நீ ஃபெரியில் ஏறி இறங்கும் தூரம். ஒருமுறையாவது போனாயா? பழைய பஸ் டிப்போவைக் கலைக்கூடமாக்கிய ஹின் பஸ் டிப்போவுக்கு உன் பேரன் போகிறானாம், உனக்குத் தெரியுமா? மலாய்த் திரையின் பெரிய நட்சத்திரம் பி. ராம்லி 1929இல் பிறந்தது பினாங்கில். 1950இல் 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், நம்மவர். மலாய் சினிமாவின் முதல் தலைமுறை இயக்குநர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்தாம். 1956இல் பி. ராம்லி மலாய்க் காவிய வீரன் ஹங் துவாவாக நடித்த படத்தை இயக்கியவர் ஃபனி மஜும்தார் என்ற வங்காளி. அடுத்த ஆண்டு அது பெர்லின் விழாப் போட்டிக்குப் போனது. ஆக, திரைப்பட விழா உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று இனி எழுதாதே.

வீட்டிலேயே இணையத்தில் பார்த்தால் போதாதா என்பாய். பார்த்திருக்கிறேன். ரோட்டர்டாம் விழாவில் 2021இல் புலி விருது வாங்கிய 'கூழாங்கல்' வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். மதுரைப் பக்கத்து வெயிலில் அப்பனும் மகனும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். பாதியில் சோறு வடிக்கப் போனேன், துணி காயப்போட்டேன், மகள் கூப்பிட்டாள். அந்தப் பையன் கொளுத்தும் வெயிலில் நடக்கிறான், நான் நிறுத்தி வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கிறேன். அரங்கில் அது நடக்காது. அவன் நடக்கும்வரை நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கட்டாயம்தான் எனக்கு வேண்டியிருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு யாரும் என்னை எதற்கும் கட்டாயப்படுத்துவதில்லை.

இப்போது திட்டம். அடுத்த விழா அறிவிப்பு வந்ததும் தேதி எழுதுகிறேன். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் நான்கு மணி நேரம் சொச்சத்தில் கே.எல். சென்ட்ரல். இறங்கினால் என் வீடு நடக்கும் தூரம், மகள் வண்டி கொண்டுவருவாள். ஒரு நாளைக்கு ஒரு படத்துக்கு மேல் வேண்டாம். நாலு படம் வரிசையாகப் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கடைசியில் எந்தக் கதை எந்த நாட்டினுடையது என்று குழம்புகிறார்கள். உன் மூட்டுக்காக நடைபாதை ஓர இருக்கையே எடுக்கிறேன். இடைவேளை இல்லை. படம் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். நான் கோபிப்பேன்.

முடிந்ததும் மஸ்ஜித் இந்தியாவில் உனக்குச் சேலை பார்ப்போம். நூறாண்டு கடந்த கோலிசியம் திரையரங்கும் அங்கிருந்து பக்கம்தான், வெளியே நின்று பார்க்கலாம். அண்ணனையும் அழைத்து வா. அவருக்குக் கண் ஆறிய பிறகு, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு. எழுத்து சின்னதாக ஓடும், சொல்லி வை.

வரும்போது ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு போத்தல். இங்கே கிடைப்பதில் சர்க்கரை அதிகம்.

அன்புடன்,
மங்கை