எட்டு போட்டவரை மறுபடியும் போடச் சொன்னேன்

திருச்சி,
ஆடி 8.

அன்பு நண்பன் வேங்கடாசலத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்கு உடல்நலம் காரணமில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வலக்கண்ணில் புரை எடுத்த பிறகு செய்தித்தாளின் பொடி எழுத்துகூடத் தெரிகிறது. நீ கேட்டிருந்த காரியம்தான் என்னைத் தயங்க வைத்தது. பேத்தி யாழினி 350 சி.சி. பைக்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள் என்றும், ஸ்கூட்டர் வாங்கித் தருகிறோம் என்று வீடே சொல்லியும் கேட்கவில்லை என்றும், முப்பது ஆண்டுகள் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்த நான் ‘பெண்களுக்குப் பெரிய வண்டி கைவராது’ என்று நாலு வரி எழுதி அனுப்பினால் அதைக் காட்டி அவளை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றும் எழுதியிருந்தாய். அந்த நாலு வரியை எழுத என்னால் முடியவில்லை. அதற்குப் பதிலாக நாலு பக்கம் எழுதுகிறேன். இதை அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்.

முதலில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். ஒரு நாள் காலை, தேர்வு மைதானத்துக்கு ஒரு செவிலியர் தம் கணவருடைய ஸ்ப்ளெண்டரை ஓட்டிக்கொண்டு கியர் வண்டி உரிமத்துக்கு வந்திருந்தார். இரவுப் பணி முடிந்து நேராக வந்தவர்போலக் கண்கள் சிவந்திருந்தன. “கியர் இல்லாத வண்டிக்கே வாங்கிக்கொள்ளலாமே அம்மா, எதற்குச் சிரமம்?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பி, கால் ஊன்றாமல், கோட்டைத் தொடாமல் எட்டு போட்டுவிட்டு வந்து என் மேசைக்கு எதிரே நிறுத்தினார். அவ்வளவு சுத்தமான எட்டை அந்த வாரம் முழுவதும் நான் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்த பிறகும், ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்துவிட்டது என்ற எண்ணம் தோன்ற, “இன்னொரு தடவை போடுங்கள்” என்றேன். அவர் போட்டார். மூன்றாவது முறையும் போடச் சொன்னேன், அதையும் போட்டார். அன்று அவருக்கு முன்னும் பின்னும் வந்த இளைஞர்களில் ஒருவனைக்கூட நான் இரண்டாம் முறை போடச் சொல்லவில்லை. அவர்களில் இருவர் கால் ஊன்றியிருந்தும், பதற்றத்தில் ஊன்றிவிட்டார்கள் என்று நானே அவர்களுக்காகக் காரணம் கற்பித்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டியபோது அந்தப் பெண், “சார், மூன்று தடவை போட்டதற்கு மூன்று உரிமம் தருவீர்களா?” என்று சிரிக்காமல் கேட்டார். மைதானமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. அது இதைவிட மோசமானது என்று இப்போது நினைக்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, 2018இல், வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வாகனத்தின் விலையில் பாதியை, 25,000 ரூபாய் வரை, அரசு மானியமாகத் தரும் அம்மா திட்டம் வந்தது. அதற்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்பதால் எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் எடுக்கப் பெண்கள் திரண்டு வந்தார்கள். அவர்களுக்குத் தேர்வு வைத்தபோது நாங்கள் பலர் மிகவும் தாராளமாக இருந்தோம். பாதி எட்டிலேயே “போதும் அம்மா, போங்கள்” என்றோம். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில், இவர்கள் காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும்தானே போகப்போகிறார்கள், இவர்களுக்கு எதற்குத் தேர்ச்சி என்ற அலட்சியம் அது. சரியாக ஓட்டியவரைச் சந்தேகப்பட்டதும், சரியாக ஓட்டாதவரைத் திருத்தாமல் அனுப்பியதும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்தவைதான்.

நீ எழுதியிருந்த இன்னொன்றுக்கும் வருகிறேன். “ஸ்கூட்டரில் போகும் பெண்கள் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறார்களே, இவர்களிடமா புல்லட்டைக் கொடுப்பது?” என்று கேட்டிருந்தாய். நீ பார்த்தது பொய்யில்லை, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நீயும் நானும் பாலிடெக்னிக்கில் எஞ்சினைப் பிரித்து மாட்டியவர்கள். ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டால், ஒரு வேகத்துக்குக் கீழே எஞ்சினின் இழுப்பு சக்கரத்துக்குப் போகாது. இழுப்பு இல்லாத வண்டி தள்ளாடும். தள்ளாடினால் கால் தானாகத் தரையைத் தேடும். மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, பின்பிரேக்கை இலேசாக அழுத்தி வைத்தால் வண்டி நூல் பிடித்ததுபோலப் போகும். இதை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தம்பியோ கணவரோ பின்னால் ஓடிவந்துகொண்டு, “ஆக்சிலேட்டரை விடு, காலை ஊன்று” என்று கத்திக் கற்றுக்கொடுத்த வண்டி அது. கியர் வண்டியில் பாதிக் கிளட்சில் இழுப்பு அறாமல் இருப்பதால், பழகிய பிறகு நடை வேகத்தில்கூட அது தள்ளாடாமல் போகும். என் அனுபவத்தில், கியர் வண்டியில் முறையாகக் கற்றுக்கொண்டு வந்த பெண்கள் கால் தேய்த்ததே இல்லை. மாறாக, வாழ்நாள் முழுக்கப் பைக் ஓட்டிய நம் சண்முகம், மருமகளின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போன அன்று இரண்டு காலையும் துடுப்புபோலப் போட்டுக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

வண்டியின் எடையைப் பற்றியும் கவலைப்பட்டிருந்தாய். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ என்பது உண்மைதான். நகரும் வண்டியின் எடையைச் சக்கரங்கள் சுமக்கின்றன, ஓட்டுபவர் சுமப்பதில்லை. வேகத்தில் இடப்பக்கம் வளைய வேண்டுமானால் இடது கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ளினால் போதும். அதற்குப் புஜபலம் தேவையில்லை. விழுந்த வண்டியைத் தூக்குவதற்குத்தான் வழி தெரிய வேண்டும். கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்து, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கைப்பிடியையும் பின்கம்பியையும் பிடித்துக்கொண்டு கால்களால் உந்தி எழ வேண்டும். முகம் சிவக்க முன்பக்கமாகக் குனிந்து தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்ட ஆண்கள் எத்தனை பேர் என்பது உனக்கே தெரியும். நீயும் அதில் ஒருவன்.

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். உரிமம் தந்துகொண்டிருந்தவனாக என்னை உறுத்திய கதை ஒன்று அதில் உண்டு. 1962இல் பெரில் ஸ்வெயின் என்ற ஆங்கிலேயப் பெண், மேன் தீவின் டி.டி. என்ற பைக் பந்தயத்தில் 50 சி.சி. பிரிவில் தனியாக ஓட்டினார். அங்கே அப்படி ஓட்டிய முதல் பெண் அவர்தான். விழவில்லை, பாதியில் நிற்கவில்லை, 22ஆவது இடத்தில் முடித்தார். அதன்பின் அவருடைய பன்னாட்டு உரிமம் பறிக்கப்பட்டது. பெண்களுக்கு இது ஆபத்தான விளையாட்டு என்று காரணம் சொன்னார்கள். அடுத்த பெண் அங்கே தனியாகப் பந்தயம் ஓட்ட 1978 வரை ஆயிற்று. தேர்வில் தவறியவரின் உரிமத்தை நான் மறுத்திருக்கிறேன், குடித்துவிட்டு ஓட்டியவரின் உரிமம் போனதைப் பார்த்திருக்கிறேன். பந்தயத்தை ஒழுங்காக முடித்ததற்காக ஒருவரின் உரிமம் போனதை அங்கேதான் கண்டேன்.

இன்னொருவர் உனக்கு மிகவும் பிடித்துப்போவார். பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், 1934இல் இங்கிலாந்தின் பிரூக்லாண்ட்ஸ் பந்தய ஓடுதளத்தில் 500 சி.சி. நார்ட்டனை மணிக்கு 106 மைல், அதாவது 170 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள் தலைகுப்புறப் பாயும்போது மெர்லின் எஞ்சின் திணறி நின்றுபோகும் கோளாறு இருந்தது. கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோலை அளவாகக் கட்டுப்படுத்த, துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டைச் செய்து அதைத் தீர்த்தவர் இந்த அம்மையார்தான். 1941இல் அதை விமானத் தளங்களில் பொருத்தித் தர, பந்தயத்துக்கு ஓட்டிய தம் பழைய பைக்கிலேயே ஊர் ஊராகப் போனார். நமக்குக் கார்புரேட்டர் பாடம் எடுத்த ஆசிரியர் ஒரு வருடம் முழுக்கப் பேசியும் இவர் பெயரைச் சொல்லவில்லை.

உள்ளூர்க் கதையையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டைப் பக்கம் அடிக்கடி போய்வந்த காலத்தில், எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தேன். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியராக இருந்தார். டீக்கடையில் உட்கார்ந்து கேலி பேசியவர்களோடு நானும் ஒரு டீ குடித்திருக்கிறேன், மறைக்கவில்லை. பெண்களுக்கான சைக்கிள் போதாமல் போனபோது அவர்கள் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே உள்ள அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் முதற்கொண்டு ஓட்டினார்கள். அந்த வட்டாரத்தில் இன்று பெண் சைக்கிள் ஓட்டினால் திரும்பிப் பார்ப்பவர் கிடையாது. அந்த மைதானங்களில் நான் கவனித்தது ஒன்றுதான்: அவர்கள் விழுந்தார்கள், முழங்காலைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினார்கள், யாரும் “இனிமேல் தொடாதே” என்று சைக்கிளைப் பிடுங்கவில்லை.

நம் கதையை நினைத்துப் பார். பதின்மூன்று வயதில் உன் மாமாவின் ராஜ்தூத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாய். அடுத்த மாதம் நான் அதே வண்டியில் சைலன்சரில் கால் பொசுங்கினேன்; தழும்பு இன்னும் இருக்கிறது. நமக்கு இரண்டு அறை விழுந்தது, அவ்வளவுதான். மறுவாரம் சாவி மறுபடி கைக்கு வந்தது. பதினெட்டு வயதில் உரிமம் வாங்கும்போது நமக்கு ஐந்து ஆண்டுகள் விழுந்து எழுந்த அனுபவம் இருந்தது. உன் தங்கை மரகதம் ஒரே ஒரு தடவை சைக்கிளிலிருந்து விழுந்தாள். அன்றோடு அந்தச் சைக்கிள் விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டது. ஐந்து ஆண்டுகள் விழுந்தவனையும், முதல் முறை விழுந்ததுமே நிறுத்தப்பட்டவளையும் ஒரே மைதானத்தில் நிறுத்தி எட்டு போடச் சொல்லிவிட்டு, வித்தியாசத்துக்குப் பிறவியைக் காரணம் காட்டினோம்.

விழ அனுமதி கிடைத்த பெண்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. சென்னையின் அலிஷா அப்துல்லா, தந்தையே பைக் பந்தய வீரராக இருந்த வீட்டில் சிறுவயதிலேயே கோ-கார்ட்டில் தொடங்கி ஆண்களோடு பைக் பந்தயம் ஓட்டியவர். பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2018இல் ஸ்பெயினில் நடந்த, கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் பஹா பந்தயத்தில் விழுந்து பலத்த காயமுற்றார். 2019இல் அதே பஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்று வந்தார். ஸ்பெயினின் ஆனா கராஸ்கோ, பெண்களுக்கென்று தனிப் பிரிவே இல்லாத சூப்பர்ஸ்போர்ட் 300 உலகப் போட்டியில், ஆண்களை எதிர்த்து, 2018இல் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். 2020இல் விழுந்து முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. 2021இல் இத்தாலியின் மிசானோவில் மறுபடி பந்தயத்தை வென்றார். உன் ஊர்ச் செட்டிப்பாளையம் ‘கரி’ பந்தய ஓடுதளத்துக்கு யாழினி போய்வருகிறாள் என்று குறைபட்டிருந்தாயே, அங்கே வளைவில் யார் எப்போது பிரேக் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்பவளுக்குக் கோவை அவிநாசி சாலையில் உன்னைவிட நிதானம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் உன் மகனின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஹெல்மெட்டுக்குக் கீழே பின்னல் தெரிந்தால் போதும், வண்டியை ஒட்டி முந்துவதற்கென்றே ஒருவன் வருவான். சிக்னலில் எஞ்சினை உறுமவிடுவான். பின்னாலிருந்து காரணமில்லாமல் ஹாரன் அடிப்பான். என் மருமகள் ஸ்கூட்டரில் போகும்போது பட்டதையெல்லாம் கேட்டிருக்கிறேன். அது நியாயமான பயம்தான். ஆனால் அது அவள் ஓட்டும் திறமையைப் பற்றிய பயம் இல்லை. மற்றவர்கள் ஓட்டும் இலட்சணத்தைப் பற்றியது. அந்தக் குற்றத்தை அவள் கணக்கில் எழுதி, வண்டியை மறுப்பது, பெரில் ஸ்வெயினுக்கு நடந்ததுதான்.

ஆகவே இப்படிச் செய். ஆவணி பிறந்ததும் யாழினியைப் பத்து நாள் விடுப்பில் இங்கே அனுப்பு. என்னிடம் பழைய சி.டி. 100 ஒன்று கிடக்கிறது. கீழே போட்டாலும் நானும் அழ மாட்டேன், வண்டியும் அழாது. பொன்மலைப் பக்கம் ஒரு திடலில் காலை ஆறு மணிக்குப் பாதிக் கிளட்ச், பின்பிரேக், திடீர் நிறுத்தம், எட்டு எல்லாம் பழக்குகிறேன். நாலு தடவையாவது விழ விடுவேன். உன் மகனை அந்தப் பக்கம் வரவிடாதே. ஏழாம் நாள் என் நண்பர் ஒருவரின் கிளாசிக்கைக் கேட்டு வாங்கித் தருகிறேன். அவளுக்கு உயரம் சற்றுக் குறைவு என்று எழுதியிருந்தாய். கிளாசிக்கின் இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர், அதே நிறுவனத்தின் மீட்டியாரில் 765தான், இரண்டிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவளே முடிவு செய்யட்டும். கணுக்காலை மூடும் ஷூவும் கனமான ஜீன்ஸும் எடுத்துவரச் சொல். கையுறை இங்கே நான் வாங்கித் தருகிறேன். எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் ஆனால்தான் தேர்வுக்குப் போக முடியும், அதனால் வருவதற்கு முன்பே கியர் வண்டிக்கு எடுத்துவிடட்டும்.

மரகதத்தையும் கூட அனுப்பினால் நல்லது. சைக்கிள் ஒன்று இங்கே சும்மாதான் நிற்கிறது.

என்றும் அன்புடன்,
ராமநாதன்