ரவுட்டர் வாங்கப் போகிற நண்பனுக்கு

கல்லடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று அனலாக அடிக்கிறது. சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, பேபியக்கா மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். சரி, விசயத்துக்கு வருகிறேன்.

"நெட் அடிக்கடி போகிறது, சம்பளம் எடுத்ததும் புது ரவுட்டர், அதுதான் வீட்டுக்குள் வைஃபை தருகிற அந்தப் பெட்டி, அப்புறம் நெட் கம்பனியும் மாற்றப் போகிறேன்" என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொறு மச்சான். போனில் விளக்கினால் குறுக்கே பேசிக் குழப்புவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரும் உன்னுடையதைப் போலத்தான் ஆட்டம் காட்டியது. வைஃபை கோடு முழுதாக இருக்கும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. கொஞ்ச நேரத்தில் தானாக வரும், திரும்பவும் போகும். பார்க்க வந்த ஒருவர் ரவுட்டர் பழசு, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றையும் சோதித்துப் பார்க்காமல் எப்படி அப்படிச் சொல்லலாம்? எனக்கு அதில் இன்னும் கோபம் ஆறவில்லை.

அம்மாவால்தான் நான் இதை விடாமல் பிடித்தேன். சுவிஸிலிருந்து தம்பி பேசும்போது பெரிய திரையில் பார்த்தால்தான் அவவுக்கு முகம் தெரியும். பேச்சு நடுவில் அவன் முகம் அப்படியே உறைந்து நிற்கும். அம்மா என் மனைவியிடம், "அவன் என்னோட கோவிச்சிற்றான் போலகா" என்பா. இல்லை, நெட் போய்விட்டது என்று எத்தனை தரம் சொன்னாலும் அவவுடைய முகம் தெளியாது. அந்த வயதில் ஒரு மனுசிக்கு வாரத்தில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தையும் ஒரு பெட்டி பறிப்பதா?

முதலில் செய்ய வேண்டியது, பழுது வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிரித்துப் பார்ப்பது. விண்டோஸில் அந்தக் கறுப்புத் திரை இருக்கிறதல்லவா, கொமாண்ட் புரொம்ட், அதை இரண்டாகத் திறந்து வை. ஒன்றில் பிங் (ping) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரி, பிறகு இன்னோர் இடைவெளி, ஒரு சிறுகோடு, டி (-t). அந்த முகவரியில் இருப்பது பதில் தருகிறதா என்று கொம்பியூட்டர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். முகவரி பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், 192.168.1.1 மாதிரி. மற்றதில் அதே மாதிரி கூகுளின் 8.8.8.8. இரண்டையும் ஓடவிட்டு உன் வேலையைப் பார். நெட் நிற்கும் நேரத்தில் ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தந்து கூகுள் மட்டும் பேசாவிட்டால், பெரும்பாலும் வெளி லைனில் பிழை, அப்போது கம்பனியோடு சண்டை பிடி. ரவுட்டரே பதில் தராவிட்டால், பிழை பெரும்பாலும் உன் கொம்பியூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான். கம்பனியை மாற்றி என்ன பயன்?

எங்கள் வீட்டில் ரவுட்டர்தான் பேசாமல் நின்றது. இரண்டு மூன்று மில்லி செக்கனில் வந்த பதில் திடீரென்று நூற்றுக்கணக்கில் ஏறி, பிறகு டைம் அவுட். ஆனால் எப்போதும் அல்ல. மகள் கல்யாண வீட்டு வீடியோக்களை வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றும் நேரங்களில் மட்டும்! அவள் ஏற்றத் தொடங்கினால் பிங் தள்ளாடும், நிறுத்தினால் தெளியும். மச்சான், அதைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

காரணம் இதுதான். நீல நிற யூஎஸ்பி 3 துளையில் டிஸ்க் வேலை செய்யும்போது அந்த வயரும் பிளக்கும் ஒரு வானொலி இரைச்சலைக் கிளப்புகின்றன. அது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. எங்கள் வைஃபை டொங்கிளும், அதுதான் வைஃபை பிடிக்கக் கொம்பியூட்டரில் செருகுகிற சின்னக் குச்சி, அதே அலைவரிசையில்தான் கேட்கிறது. இன்டெல் நிறுவனம் 2012இலேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. எங்களுடைய டொங்கிள் அந்த டிஸ்குக்குப் பக்கத்துத் துளையில், கொம்பியூட்டர் பெட்டியின் பின்புறம், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தது. மீன் சந்தைக்குள் நின்று ரகசியம் கேட்கிற மாதிரி அதன் பாடு. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, டொங்கிளைக் கறுப்பு நிற யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றி, மேசைக்கு மேலே கொண்டு வந்தேன். அதன் பிறகு டிஸ்க் ஓடினாலும் பிங் அசையவில்லை.

உன் வீட்டில் டிஸ்க் இல்லை என்பாய். அப்படியென்றால் டிவைஸ் மனேஜரில் வைஃபை கார்டின் பவர் மனேஜ்மண்ட் பக்கத்தைத் திறந்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற சரிக்குறியை எடுத்துவிடு. சும்மா விட்டால் நெட் போகிறது என்றாயே, எனக்கு அதில்தான் சந்தேகம். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எந்தச் சனலில், அதாவது அலைவரிசைக்குள் எந்தத் தடத்தில், ஓடுகின்றன என்றும் பார். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 மட்டும்தான். டொங்கிள் 5 கிகாஹேர்ட்ஸ் பிடிக்குமானால் அதற்கு மாறலாம், ஆனால் உங்கள் வீட்டு நடுச்சுவரைத் தாண்ட அது கஷ்டப்படும். என்னைக் கேட்டால், ரவுட்டரிலிருந்து கொம்பியூட்டருக்குச் சுவரோரமாக ஒரு லேன் வயர் இழுத்துவிடு. 100 மீட்டர் வரைக்கும் அதற்குத் தாங்கும், உன் வீட்டுக்கு அதில் கால்வாசியும் வேண்டாம். மகன் உயர்தரம் எடுக்கிற வருசம் இது. சூம் வகுப்பு நடுவில் அறுந்தால் அவனுக்கு அந்தப் பாடம் போனதுதான், திருப்பிச் சொல்லித்தர ஆள் இல்லை.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவிலுக்கு வருகிறோம், அம்மாவும் வருவா. நீட்டிப்பு வயர் ஒன்று கொண்டு வருகிறேன். அதற்கு முதல் நெட் நிற்கிற நேரத்தில் அந்த இரண்டு கறுப்புத் திரைகளையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடு.

அன்புடன்,
உன் மச்சான்