மாடி அறைக் கணினி: மகனுக்கு ஒரு கடிதம்

காவேரிப்பட்டணம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் பாட்டியும் நலம். உன் நலமறிய ஆவல். தொலைபேசியில் அழைத்தால் "வேலை இருக்கிறதம்மா" என்று ஒரு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். ஓய்வாக இருக்கும்போது படித்துக்கொள்ளட்டும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். மாடி அறையில் நீ விட்டுச் சென்ற கணினிக்கு நினைவகத்தை, அதாவது ரேமைக் கூட்டியிருக்கிறேன். 2 ஜிபியாக இருந்தது இப்போது 8 ஜிபி ஆகியிருக்கிறது.

மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் என்னிடம் இலக்கணம் படிக்க வருகிறார்கள். அவர்களுக்கு வினாத்தாள் தட்டச்சு செய்துகொண்டே ஒரு காணொளிப் பாடத்தைத் திறந்தால் போதும், திரை அப்படியே உறைந்துவிடும். பெட்டியின் முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு மட்டும் அணையாமல் எரியும். உள்ளே ஹார்டு டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டே இருக்கும். இங்குள்ள பழுது பார்ப்பவர், 2011-இல் வாங்கியதை இன்னும் வைத்திருக்கிறீர்களா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றார். எனக்கு மனம் வரவில்லை. நீ ஒருமுறை காட்டிக்கொடுத்தபடி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். செயலி (பிராசசர்) சும்மா இருந்தது; நினைவகம் மட்டும் 94 விழுக்காடு நிரம்பியிருந்தது. இடம் போதாதபோது கணினி கொஞ்சத்தை ஹார்டு டிஸ்கில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்து வருகிறதாம். அடுப்பு மேடையில் இடமில்லை என்று ஒவ்வொரு பாத்திரத்தையும் பரணில் ஏற்றி ஏற்றி இறக்கினால் சமையல் எப்போது முடியும்? இவ்வளவு நாள் அந்தக் கணினி அப்படித்தான் உழைத்திருக்கிறது.

கணினிக்குள் இருக்கும் தாய்ப்பலகையின் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். எச்61 வகை, ரேம் செருக இரண்டு இடங்கள், டிடிஆர்3 வகை ரேமை மட்டுமே ஏற்கும், 16 ஜிபி வரை தாங்கும். கிருஷ்ணகிரிக்குப் போய், 4 ஜிபி இரண்டு வேண்டும் என்று அதைத் தாளில் எழுதியே கொடுத்தேன். அப்படியும் முதற்கடையில் அதற்கு முந்தைய வகையான டிடிஆர்2-ஐக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே நீளம், இரண்டிலும் 240 ஊசிமுனைகள் என்பதால் வீட்டுக்கு வந்து பொருத்தும்வரை எனக்குத் தெரியவில்லை. நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் சற்றுத் தள்ளியிருந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, அழுத்தினால் உட்கார்ந்துவிடும் என்றார் அந்தக் கடைக்காரர். நான் அழுத்தவில்லை. டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், தவறிப்போய் மாற்றிச் செருகிவிடக் கூடாது என்றுதான் அந்த வெட்டையே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடையில் சரியானதை வாங்கினேன்.

அன்று பேருந்து நிலையத்தில் எதிர்வீட்டு அத்தையைப் பார்த்தேன். போன மாதம் ஒரு புதன்கிழமை நண்பகலில் உன்னை அங்கே பார்த்ததாகச் சொன்னார். புதன்கிழமை நீ அலுவலகத்தில் அல்லவா இருந்திருப்பாய்? கண்புரை அறுவைக்குப் பிறகு அவர் இன்னும் கண்ணாடி மாற்றவில்லை. வேறு யாராவதாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

பொருத்துவதை நானே செய்தேன். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்காகப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தேன். நைலான் சேலையில் நிலைமின்சாரம் சேரும் என்பதால் பருத்திச் சேலை உடுத்திக்கொண்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டபிறகே ரேம் சில்லைத் தொட்டேன். பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே பஞ்சுபோலத் தூசி; விசிறிக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டை ஓடுகள். பழைய சில்லை எடுத்து அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் தேய்த்தேன்; ரப்பரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. புதியதை வெட்டுப் பார்த்து நிறுத்தி இரண்டு கட்டைவிரலாலும் நேராக அமுக்க, இருபுறத்துக் கொக்கிகளும் "டக்" என்று தாமாகவே மூடிக்கொண்டன. ஆனால் கணினியைப் போட்டதும் திரை வராமல் பீப், பீப் என்று கத்தியது. நெஞ்சே படபடத்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் இரண்டாவது சில் ஒரு பக்கம் சரியாக அமரவில்லை. மறுபடி அமுக்கியதும் ஒரே ஒரு பீப் ஒலியோடு எழுந்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் அந்நேரத்துக்கே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்.

எட்டு ஜிபி போட்டும் கணினி 3.2 ஜிபிதான் பயன்படும் என்று காட்டியது. பழைய விண்டோஸ் 7, 32 பிட் வகை. 4 ஜிபிக்கு மேல் அதனால் முகவரி கொடுக்க முடியாது. அதற்கான ஆதரவும் 2020 சனவரியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-ஓ இந்தச் செயலியை ஏற்காது. ஆகவே என்னிடம் படித்த பையன் ஒருவனை வைத்து விண்டோஸுக்குப் பதிலாக 64 பிட் லினக்ஸ் போட்டுக்கொண்டேன். தமிழ்99 விசைப்பலகை அதிலும் நன்றாகவே வேலை செய்கிறது. நீயும் உன் மடிக்கணினியில் எதையும் செய்தவுடன் சேமித்துக்கொள், தம்பி. வேலை எப்போது எப்படி நிற்கும் என்று சொல்ல முடியாது. செய்தவுடன் சேமித்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகப் போடும் முன் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் உன் இறுதியாண்டுக் கோப்புறையைத் திறந்தேன். புராஜெக்ட் 1 முதல் புராஜெக்ட் 61 வரை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் நாளும் நேரமும் இருக்கின்றன. முதல் 22 கோப்புகளும் நாளுக்கு இரண்டு, மூன்று என்று நிதானமாக இருக்கின்றன. 22-ஆம் கோப்பு 2013 மார்ச் மாதம் ஓர் இரவு 12:50-க்குச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அடுத்தது காலை 6:05. அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, நான்கு நிமிடத்துக்கு ஒன்று. கடைசிவரை அப்படித்தான் சேமித்திருக்கிறாய்.

அந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஆண்டு மின்வெட்டு எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். பகலில் பல மணி நேரம் போய்விடுவதால் இரவில்தான் வேலை செய்கிறேன் என்பாய். நினைவகம் போதவில்லை, சேமிக்கச் சொன்னாலே இரண்டு நிமிடம் நின்றுவிடுகிறது, 1,300 ரூபாய் கொடுத்தால் இன்னொரு 2 ஜிபி போட்டுக்கொள்வேன் என்று இரண்டு முறை கேட்டாய். அந்த மாதம் சீட்டுக்கு 2,000 கட்ட வேண்டியிருந்தது. நினைவகத்துக்கு ஒன்றும் குறையில்லை, உனக்குத்தான் பொறுமை போதவில்லை என்றேன். யூ.பி.எஸ். கேட்டபோதும் அதே பதில்தான். அன்று இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தபோது மாடியில் விளக்கு எரிந்தது. விளையாடிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். தம்பி, அன்று போனது மின்சாரம் அல்ல. மாடிப்படியின் கீழே இருக்கும் ஸ்விட்சை நான்தான் அணைத்தேன்.

நீ இருட்டில் தடவிக்கொண்டு இறங்கி வந்து, "கரண்டு போய்விட்டதம்மா, ஒரு மணி நேரம் செய்தது அத்தனையும் போய்விட்டது, சேமிக்காதது என் தப்புதான்" என்றாய். நான் மறுத்துச் சொல்லவில்லை. செய்தவுடன் சேமித்துக்கொள்ள வேண்டும் என்று உனக்கு அறிவுரை வேறு சொன்னேன். மேலே எழுதியிருக்கும் அதே வரி. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்ததை நீ கவனித்தாயா, கவனித்தும் பேசாமல் இருந்தாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரேமில் இருப்பது மின்சாரம் உள்ளவரைதான் இருக்கும் என்று இந்த வயதில் படித்துத் தெரிந்துகொண்டபோதுதான், அன்று நான் அழித்தது என்னவென்று எனக்கு விளங்கியது. பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லும்போதெல்லாம், 2 ஜிபியில் படித்தே என் மகன் முதல் வகுப்பில் தேறினான் என்று பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். இனி அதைச் சொல்ல மாட்டேன்.

அந்த 61 கோப்புகளையும் ஒன்றுகூட விடாமல் இரண்டு இடங்களில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துதான். பொங்கலுக்குப் பிறகு நீ வரவில்லை என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறார். வேலை என்று சொல்லியிருக்கிறேன். எதற்காக வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று இங்கே யாரும் கேட்க மாட்டோம். மாடி அறைக்கு இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுத்தாயிற்று. படியின் கீழிருந்த ஸ்விட்சை எடுத்துவிட்டு, மாடியிலேயே உன் மேசைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டேன். கணினி இப்போது பத்துப் பக்கங்களைத் திறந்தாலும் நிற்பதில்லை. விண்ணப்பம் அனுப்புவதோ, புதிதாக ஏதாவது படிப்பதோ, எதற்கும் தாங்கும். வேளைக்குச் சாப்பிடு. இரவில் தூங்கு.

கடவுச்சொல் ஒன்று வைக்க வேண்டும் என்றான் அந்தப் பையன். நீ முன்பு வைத்திருந்ததையே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா