அப்பாவுக்கு, படித்துறை கலர் கேட்டு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஞாயித்துக்கிழமை ராத்திரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கேன். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லன்னு அம்மாட்ட சொல்லுங்க, இந்த ஏரியாவுல தடுக்கி விழுந்தா தமிழ் கடை, முருங்கக்காகூட கிடைக்குது, விலைய மட்டும் ரூபாயில மாத்திப் பாக்கக்கூடாது. குளிருதான் தாங்கல. நாலு மணிக்கெல்லாம் இருட்டிருது.

போன்ல சொன்னா "சரி சரி, அம்மாட்ட குடுக்கேன்"னு குடுத்துருவீங்க, அதான் எழுதறேன்.

போன மாசம் காலேஜ்ல என் படங்களப் பாத்துட்டு ஒருத்தர் போஸ்ட்கார்டு மாதிரி இருக்குன்னுட்டார். பாலம், செவப்பு பஸ், மழை, குடை. கோவம் வந்துச்சு, ஆனா வேடிக்கை பாக்க வந்தவ வரைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டு வாரம் பிரஷ்ஷத் தொடல.

நேத்து நேஷனல் கேலரிக்கு போனேன். டிக்கெட் கிடையாது, எனக்கு அதான் முக்கியம். வான்கோவோட சூரியகாந்தி முன்னாடி ஒரே கூட்டம், செல்ஃபி எடுக்கறவங்க தலைதான் தெரிஞ்சுது, சரின்னு நகந்து வந்தா ஒரு பெரிய படம், ரெண்டு மீட்டர் உயரம் மூணு மீட்டர் அகலம், ஆத்தங்கரையில ஆளுங்க குளிக்கறாங்க, அவ்வளவுதான். ஜார்ஜ் சூரான்னு பிரெஞ்சுக்காரர் 1884ல வரைஞ்சது, பாரிஸ் பக்கம் செய்ன் ஆறு.

எனக்கு நம்ம தாமிரபரணி குறுக்குத்துறைதான் ஞாபகம் வந்துச்சுப்பா. ஒருத்தன் தொப்பியோட கரையில சாஞ்சு கிடக்கான், பக்கத்துல நாய், ஒரு பையன் துணிய கழட்டி குமிச்சு வச்சுட்டு கூன் போட்டு உக்காந்திருக்கான், இன்னொருத்தன் தண்ணியில நின்னு ரெண்டு கையையும் வாயில குவிச்சு கூவுறான். பின்னாடி பாலம், தொழிற்சாலை பொகைபோக்கி. யாரும் யாரையும் பாக்கல. சாமி, ராஜா, போருன்னு வரையற சைஸ்ல சாதாரண ஆளுங்க குளிக்கறத வரைஞ்சிருக்கார், அதுவும் 24 வயசுல, என்னைவிட ஒண்ணு கம்மி. அந்த ஊரு பெரிய கண்காட்சியில வேண்டாம்னுட்டாங்க, அப்புறம் வேற கண்காட்சியில பீர் விக்கற எடத்துல மாட்டினாங்களாம். 31 வயசுலயே செத்தும் போயிட்டார்.

கிட்ட போய் பாத்தேன். உடம்புல வெயில் படற பக்கம் அத ஒட்டின தண்ணிய கருக்கியிருக்கார், நிழல் பக்கம் வெளுத்திருக்கார். கடை போர்டு எழுதறப்ப நீங்க சொல்வீங்களே, மஞ்ச எழுத்து எடுப்பா தெரியணும்னா மஞ்சளத் தொடாத, பக்கத்து நீலத்த கருக்குன்னு, அதேதான்! இங்க அத பாடமா நடத்தறாங்க. செவ்ரூல்னு ஒரு கெமிஸ்ட், பாரிஸ்ல சாயப்பட்டறைய பாத்துக்கிட்டவர், கருப்பு நூல் சரியில்லன்னு புகார் வந்தப்ப சாயத்துல தப்பில்ல, பக்கத்துல இருக்க கலர்தான் காரணம்னு கண்டுபிடிச்சு 1839ல புஸ்தகமே போட்டாராம். இவ்வளவு ஃபீஸ் கட்டுனதுக்கு உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தே படிச்சிருக்கலாம்.

மூடற நேரம் வரைக்கும் பென்சில்ல பாத்து பாத்து வரைஞ்சேன். ஒரு குறை, அந்தக் கரையில பொம்பளையே இல்ல, துணி துவைக்க ஒரு ஆள் இல்ல, அதென்ன ஆறு? நான் நம்ம குறுக்குத்துறைய வரையப் போறேன், என் படத்துல அத்தைமாருங்க எல்லாரும் இருப்பாங்க.

தம்பிய சாயங்காலம் படித்துறைக்கு அனுப்பி போட்டோ எடுக்கச் சொல்லுங்க. ஃபில்டர் போடக்கூடாது, யாரையும் கேமராவப் பாத்து சிரிக்கச் சொல்லக்கூடாது. பொம்பளங்க பக்கம் போனான்னா அடிதான் விழும், அத நான் மனசுலருந்தே போட்டுக்கறேன்.

உங்களுக்கும் ஒரு வேல இருக்கு. போட்டோ கலர நான் நம்பமாட்டேன். பிளக்ஸ் வந்த பிறகு பரண்ல தூக்கிப் போட்ட அந்த பெயின்ட் டப்பாவ இறக்கி, பழைய காலண்டர் அட்டையில, மூணு மணிக்கு தண்ணி என்ன கலர், ஈரப் படி என்ன கலர், காஞ்ச படி என்ன கலர்னு தொட்டு வச்சு அனுப்புங்க. நேரத்த பக்கத்துலயே எழுதுங்க. நல்லா காய விட்டு கவர்ல போடுங்க, அம்மா அனுப்பற வத்தலோட சேத்து வச்சுராதீங்க.

உங்க மவ