அந்தக் கூடுதல் குதிரைகள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஸ்போர்ட்ஸ் கார் விமர்சனத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை, நான்தான் தவறாகப் படித்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில். இல்லை, அச்சில் அப்படியேதான் இருக்கிறது: "ஸ்போர்ட் மோடுக்கு மாற்றியதும் எக்ஸாஸ்ட் சிங்கமாய்க் கர்ஜிக்கிறது, இன்ஜினுக்குள் ஒளிந்திருந்த கூடுதல் குதிரைகள் பாய்ந்து வருவதைக் காதாலேயே கேட்கலாம்." சிங்கமும் குதிரையும் ஒரே வாக்கியத்தில் எப்படி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் இருக்கின்றன என்பதை விட்டுவிடுகிறேன். அந்தக் கூடுதல் குதிரைகள் எங்கிருந்து வந்தன என்று மட்டும் சொல்லுங்கள். அதே பக்கத்தின் ஓரத்தில் நீங்களே போட்ட அட்டவணையில் குதிரைத்திறனுக்கு ஒரே ஒரு எண்தானே இருக்கிறது? நார்மலுக்கு ஒன்று, ஸ்போர்ட்டுக்கு ஒன்று என்று இரண்டு இல்லையே.

உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன்? பெரும்பாலான கார்களில் நார்மல், ஸ்போர்ட் என்று பட்டனைத் தட்டி மோடு மாற்றினால் இன்ஜினின் உச்ச சக்தி மாறுவதில்லை. மாறுவது ஆக்சிலரேட்டரின் பேச்சுதான். முன்பு பாதி மிதித்தால் கிடைத்தது இப்போது கால்வாசியிலேயே கிடைக்கும், அதனால் பிக்கப் கூடியதுபோல் காலுக்குத் தோன்றும். கடைசிவரை மிதித்துவிட்டால் எந்த மோடிலும் த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குள் காற்று போகும் கதவு, முழுதாகத் திறக்கும், அதற்கு மேல் திறக்க அங்கே எதுவும் இல்லை. அப்புறம் ஸ்டியரிங் கொஞ்சம் இறுகும், சஸ்பென்ஷன் இறுகும், கியர் சீக்கிரம் மேலே ஏறாது. இவை எல்லாவற்றோடும் சைலன்சர் பக்கம் ஒரு சின்ன வால்வு திறக்கும். கூடுதல் குதிரைகள் என்று உங்கள் விமர்சகர் எழுதியது இந்த வால்வைத்தான்.

நான் ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருப்பவன். பின்னால் நான்கு குழாய்கள். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் ஓரத்து இரண்டு குழாய்களில் மட்டும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் ஒரு வட்டத் தகடு தெரியும், நடுவில் ஒரு கம்பியில் கோத்தது, கரி படிந்தது. அதுதான் நான் சொன்ன வால்வு. அது மூடியிருந்தால் புகை சைலன்சரின் அறை அறையாகச் சுற்றி, பஞ்சுபோன்ற பொருளில் சத்தத்தைத் தொலைத்துவிட்டு நல்ல பிள்ளையாக வெளியே வரும். திறந்தால் குறுக்கு வழியில் நேராக வந்துவிடும். அவ்வளவுதான் அந்தச் சிங்கம்.

ஒரு மாதம் என் கார் எந்த மோடில் போட்டாலும் ஸ்போர்ட் மோடுபோலவே கத்திக்கொண்டிருந்தது. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "எரர் எதுவும் காட்டல சார், ஸ்போர்ட்ஸ் கார்னா சத்தம் இருக்கத்தானே செய்யும்" என்று சாவியைக் கையில் கொடுத்தார்கள். இரண்டாவது முறை போனபோது, முழு சைலன்சரையும் மாற்றலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து பாயைப் போட்டுக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு ரப்பர் குழாய், நுனி வெடித்து, கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. என் காரில் அந்தத் தகட்டை மூடுவது இந்தக் குழாய் வழியே வரும் வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு; திறப்பது ஸ்பிரிங். வேக்குவம் போய்விட்டால் தகடு திறந்தே கிடக்கும். நுனியைக் கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி செருகி ஸ்டார்ட் செய்தேன். கார் முணுமுணுத்தது. அந்த ஒரு மாதமும் அதன் பிக்கப்பில் கடுகளவு முன்னேற்றத்தைக்கூட நான் பார்க்கவில்லை. குதிரைகள் அந்த ரப்பர் குழாயில் இருந்திருந்தால் எனக்குத்தானே முதலில் தெரிந்திருக்கும்!

இதை வெறும் வாயால் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரான சாலையில் மைத்துனனை ஓட்டச் சொல்லிவிட்டு நான் ஓரமாக நின்றேன். கியரை மூன்றிலேயே பூட்டிக்கொண்டு, 60 கிலோமீட்டர் வேகத்தில் நார்மலில் ஒரு தடவை, ஸ்போர்ட்டில் ஒரு தடவை. முதல் தடவை டயர் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. இரண்டாவது தடவை நெஞ்சுக்கூட்டில் யாரோ தட்டியதுபோல் இருந்தது. சரி, இப்போது முழுதாக மிதித்துக்கொண்டு வா என்றேன், எந்த மோடு என்று எனக்குச் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஆறு தடவை கேட்டேன், மூன்று தடவை தவறாகச் சொன்னேன். ஏனென்றால் நார்மலிலும்கூட முழுதாக மிதித்து ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) மேலே போய்விட்டால் கம்ப்யூட்டர் அந்தத் தகட்டைத் திறந்துவிடுகிறது, புகை போக வழி வேண்டுமே. ஆக, மோடு பட்டனால் சத்தம் மாறுவது நிதானமாக ஓட்டும்போதுதான், அதாவது தெருவில் போகும்போது. வேகமே தேவைப்படாத இடத்தில்தான் வேகத்தின் சத்தத்தைக் கொடுக்கிறார்கள். இந்தக் கூத்தைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு வரி வந்ததுண்டா?

கியர் விஷயமும் இருக்கிறது. அதே 60-ல் நார்மலில் கியர் ஆறில் ஓடி 1,500 ஆர்பிஎம் காட்டும். ஸ்போர்ட்டில் மூன்றைப் பிடித்துக்கொண்டு 3,000 காட்டும். ஆறு சிலிண்டர் இன்ஜினில் 1,500-க்கு நொடிக்கு 75 வெடிப்பு, 3,000-க்கு 150. இரண்டு மடங்கு, அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே. எக்ஸாஸ்டில் அந்த வால்வே இல்லாத காரில்கூட ஸ்போர்ட் மோடு சத்தமாகக் கேட்பது இதனால்தான். காது கேட்பது ஸ்ருதி ஏறியதை, உங்கள் விமர்சகர் எழுதுவது சக்தி ஏறியதை.

எழுத ஆரம்பித்துவிட்டேன், பழைய பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு டர்போ காரைப் பற்றி எழுதும்போது, கண்ணாடிகளை ஏற்றிவிட்டாலும் எக்ஸாஸ்ட் நாதம் உள்ளே பொங்கி வழிகிறது என்று உருகியிருந்தீர்கள். கண்ணாடியை ஏற்றினால் உள்ளே பொங்குவது பல கார்களில் எக்ஸாஸ்ட் மட்டும் அல்ல, ஆசிரியரே! 2011-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5, இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகக் கொடுத்தது ஊருக்கே தெரியும். போர்ஷே 911-ல் இன்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக் பக்கத்திலிருந்து ஒரு குழாய் வைத்துச் சத்தத்தை உள்ளே கொண்டுவந்தார்கள், ஸ்போர்ட் பட்டனைத் தட்டினால் அதன் வழி திறக்கும். அதாவது நீங்கள் நாதம் என்றது இன்ஜின் உள்ளே இழுக்கும் மூச்சாகவோ பாட்டுப் பெட்டியாகவோ இருக்கலாம். அப்போதே கடிதம் போட்டேன். பதில் இல்லை.

அடுத்தது அந்த வெடிகள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்னால் படபடவென்று வெடிக்கிறதே, அதை "ரேஸ் பரம்பரை" என்று தலைப்பே போட்டீர்கள். ராலி கார்களில் வெடித்தது டர்போவின், அதாவது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறியின், சுழற்சி குறையாமல் இருக்க. தெருக் காரில் வெடிப்பது நமக்கு வெடிச் சத்தம் பிடிக்கும் என்பதற்காக. நார்மலில் ஓடிக்கொண்டிருக்கும்போது காலை எடுத்தால் பெட்ரோல் நிற்கும், ஸ்போர்ட்டில் வேண்டுமென்றே கொஞ்சம் பெட்ரோலை விட்டு, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி, எக்ஸாஸ்டுக்குள் எரிய வைக்கிறார்கள். அதே இதழின் கடைசிப் பக்கத்தில் மைலேஜ் கூட்ட பத்து யோசனைகள்! இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள்தான் பார்க்கிறாரா?

போன வருடம் புது மாடல் ஒன்றில் சத்தம் குறைந்துவிட்டது, நிறுவனத்துக்கு ரசனை போய்விட்டது என்று புலம்பினீர்கள். ஐரோப்பாவில் 2018-ஐ ஒட்டி நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களின் எக்ஸாஸ்டில் புகைக்கரியைப் பிடிக்கும் துகள் வடிகட்டி ஏறியது, அது சத்தத்தையும் கொஞ்சம் விழுங்கும்; 2016-லிருந்து சத்த வரம்பும் படிப்படியாக இறங்குகிறது. ரசனை என்ன செய்யும் பாவம்.

சத்தம் பிடிக்காத ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். எனக்கும் பிடிக்கும், அதனால்தான் கோபம் வருகிறது. ஆனால் விடியற்காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பினால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்ற அது ஒரு நிமிடம் உரக்கத்தான் ஓடும், அந்த நேரத்தில் தகடும் திறந்திருந்தால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழுந்துவிடும். நான் எழுப்பியிருக்கிறேன். அந்தக் குழந்தையின் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, வாசலில் நின்று பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. ஃபோர்டுகூட 2018 மஸ்டாங்கில் அக்கம்பக்கத்தாருக்காகவே அமைதியாக ஸ்டார்ட் ஆகும் வசதியைக் கொடுத்தது. இப்படிப்பட்ட விஷயம் வாங்குகிறவனுக்கு வேண்டாமா? நெடுஞ்சாலையில் டாப் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஸ்போர்ட் எக்ஸாஸ்ட் கிணற்றுக்குள் தலையை விட்டதுபோல் "ம்ம்ம்" என்று மண்டையைக் குடைகிறதா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எத்தனையாவது நிமிடத்தில் "அந்தப் பட்டனை அணைங்க" என்கிறார், இவை எல்லாம் உங்கள் விமர்சகருக்குத் தெரியாமலா இருக்கும்? அரை நாள் ஓட்டிவிட்டு வந்தவர்தானே, தெரிந்திருக்கும். எழுதத்தான் மனம் வரவில்லை போலிருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் அட்டவணையில் டயர் அளவுக்குக் கீழே ஒரு வரி இடம் காலியாகத்தான் இருக்கிறது. சத்தம் எந்த மோடில் கேட்டது, கண்ணாடி ஏற்றியா இறக்கியா, வால்வுக்குத் தனிப் பட்டன் உண்டா அல்லது மோடோடு சேர்ந்துதான் திறக்குமா என்று அங்கே போட்டால் போதும். முடிந்தால் நார்மலிலும் ஸ்போர்ட்டிலும் ஒரே வேகம், ஒரே கியரில் டெசிபல் மீட்டர் வைத்து இரண்டு எண்கள். கூடுதல் குதிரைகளுக்கு அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் மகிழ்ச்சி. போடாவிட்டாலும் சந்தா கட்டத்தான் போகிறேன், அது உங்களுக்கும் தெரியும்.

இப்படிக்கு,
பத்தொன்பது வருட வாசகன்

பி.கு.: ஒரே வருடத்தில் ஏழு கார்கள் "சிங்கமாய்க் கர்ஜித்தன" என்று எண்ணிப் பட்டியலிட்டு அனுப்பியிருந்தேனே, அதில் ஒன்று மின்சாரக் கார். அந்தக் கடிதம் வந்து சேர்ந்ததா என்றாவது சொல்லுங்கள்.